எடைமேடை சர்வருக்குப் பொய்ச்சுமை ஏற்றிய மூன்று ஞாயிறுகள்

சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து தோட்டங்களுக்குப் பிரியும் சாலையோரத்தில், சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலைகளை வாங்கி ஆலைக்கு அனுப்பும் சேகரிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. லோரி குலையோடு எடைமேடையில் ஏறியதும் முதல் எடை கணினிக்குப் போகும். குலைகளைக் கொட்டிவிட்டு வெற்று லோரியாகத் திரும்பி ஏறியதும் இரண்டாம் எடை பதிவாகும். கிராணி (எழுத்தர்) அக்கா பழுக்காத குலைகளுக்கான கழிவைத் தட்டியதும் ரசீது அச்சாகி வெளியே வரும். இவ்வளவுக்கும் பின்னால் இருப்பது அலுவலக மூலையில், பழைய கணக்குப் புத்தகங்கள் அடுக்கிய அலமாரிக்குக் கீழே நிற்கும் ஒரே ஒரு சர்வர். நான்கு கோர், எட்டு திரெட், 16 ஜிபி நினைவகம், உபுண்டு 22.04 லினக்ஸ் இயங்குதளம், அதன்மேல் போஸ்ட்கிரெஸ் 14 தரவுத்தளம். மென்பொருளை விற்றவர்கள் வேறு. அந்தப் பெட்டியைத் தூசு தட்டி, காப்புநகல் எடுத்து, அவ்வப்போது எட்டிப் பார்ப்பது மட்டுமே என் வேலை.

2024 செப்டம்பர் 30, திங்கட்கிழமை மாலை அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, ஆறு லோரி நிக்குது, ரசீது வரமாட்டேங்குது. ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா?" நான் போய்ச் சேர்வதற்குள் வரிசை ஒன்பதாகியிருந்தது. குலை வியாபாரத்தில் வரிசை என்பது வெறும் தாமதம் அன்று. அறுத்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய் அவிக்கப்படுவது நல்லது. அடிபட்டு நசுங்கிய பழத்தில் கொழுப்பமிலம் ஏறிக்கொண்டே இருக்கும், எண்ணெயின் தரம் இறங்கிக்கொண்டே இருக்கும். நான் திரையில் லோட் சராசரியை, அதாவது ஓடிக்கொண்டோ காத்துக்கொண்டோ இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையைப் பார்த்தேன், 14 என்று நின்றது. எட்டு திரெட் உள்ள பெட்டியில் 14 என்றால் புராசசர் திணறுகிறது என்று அந்த அவசரத்தில் நானும் நம்பினேன். சிறிது நேரத்தில் தரவுத்தளம் தானாகவே விழுந்து எழுந்தது, ரசீதுகள் வரத் தொடங்கின, நான் ஒன்றும் செய்யாமலேயே நன்றி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

மென்பொருள் விற்றவர்கள் மறுநாள் தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: புராசசர் போதவில்லை, புதிய சர்வர் வாங்குங்கள். அக்டோபர் 31 தீபாவளி. அதற்கு முன், 29ஆம் தேதிக்குள் மாதக் கணக்கை முடித்துத் தோட்டக்காரர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்ய வேண்டும். முதலாளி என்னை அழைத்துக் கோப்பி ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "வாங்கணும்னா வாங்கிடலாம். வாங்குனா சரியாயிடும்னு நீ கையெழுத்துப் போடுவியா?" என்னால் போட முடியவில்லை. அதற்குப் பதிலாக, நிலையம் மூடியிருக்கும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைக் கேட்டேன். அன்று மாலை நடந்ததை என் கையால் மறுபடியும் வரவழைக்க முடிந்தால்தான் எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்று சொல்ல முடியும் என்பது என் கணக்கு.

சுமை ஏற்றுவதற்கு முன் ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. பலர் இந்தச் சோதனையில் சுமையையே அளந்துகொண்டிருப்பார்கள். புராசசர் 100 விழுக்காடு, நினைவகம் 90 விழுக்காடு என்று படம் எடுத்து வைப்பார்கள். எனக்கு அந்த எண்களைவிட, எது நின்றால் வரிசை நீளுமோ அதன் எண்தான் முக்கியம். ஆகவே காப்புநகலிலிருந்து ஒரு சோதனைத் தரவுத்தளத்தை மீட்டமைத்து, நொடிக்கு ஒருமுறை ஒரு பொய் எடையைப் பதிந்து, அதை வட்டில் உறுதிசெய்து, மறுபடியும் படித்து, மொத்தம் எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்று ஒரு கோப்பில் எழுதும் சிறு பைத்தான் நிரலை எழுதினேன். இதற்கு 'நாடி' என்று பெயர் வைத்தேன். எந்தச் சுமையும் இல்லாத நேரத்தில் நாடி 40 மில்லிநொடியைச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தது.

அக்டோபர் 6, முதல் ஞாயிறு. சுமை ஏற்ற ஸ்ட்ரெஸ்-என்ஜி என்ற கருவியைப் பயன்படுத்தினேன். முன்பே இருந்த ஸ்ட்ரெஸ் என்னும் எளிய கருவியின் வழியில் காலின் இயன் கிங் என்பவர் புதிதாக எழுதியது இது. புராசசர், நினைவகம், வட்டு, வலையமைப்பு என்று, இயங்குதளத்தின் உட்கருவான கர்னலின் மூலைமுடுக்குகளையெல்லாம் தனித்தனியாக உலுக்கும் நூற்றுக்கணக்கான வகைகள் இதில் உண்டு. சுமை தூக்குபவர்களுக்கு அந்தக் கருவியின் பேச்சில் 'தொழிலாளிகள்' என்று பெயர். தோட்டத்து லயத்தில் பிறந்த எனக்கு, கட்டளையைத் தட்டும்போதெல்லாம் எட்டுப் பேரைப் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) நிறுத்துவது போலவே இருந்தது. எட்டுப் புராசசர் தொழிலாளிகள், அணிப்பெருக்கல் முறை, இருபது நிமிடம் என்று ஏவிவிட்டேன்.

ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் லோட் சராசரி 5 சொச்சம்தான் இருந்தது. கருவி சரியாக ஓடவில்லை என்று நினைத்து நிறுத்திவிடுபவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த எண் உண்மையான சராசரி அன்று; பழைய அளவுகளை மெல்ல மெல்ல மறந்துகொண்டே வரும் ஒரு கணக்கு. எட்டு வேலைகள் இடைவிடாமல் ஓடினாலும் ஒரு நிமிட எண், ஒரு நிமிடத்தின் முடிவில் ஏறத்தாழ 63 விழுக்காட்டைத்தான் எட்டியிருக்கும். பொறுத்திருந்தால் 8க்கு மேல் வந்துவிடும், வந்தது. ஆனால் நாடி 70க்கும் 90 மில்லிநொடிக்கும் இடையில்தான் அடித்தது. ரசீது வாங்கும் லோரிக்காரருக்கு இந்த வேறுபாடு கண்ணிலேயே படாது. எட்டுத் திரெட்டும் முழுவேகத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதும், தூங்கி எழும் சிறு வேலைக்குக் கர்னலின் பங்கீட்டு முறை உடனே இடம் கொடுத்துவிடுகிறது. அதுவரை வாங்கிய நேரம் குறைவாக இருப்பவருக்கே அடுத்த முறை என்பது அதன் நியாயம். பதினாறு தொழிலாளிகளை ஏவினேன், நாடி 120ஐத் தாண்டவில்லை. புராசசர் போதவில்லை என்ற தீர்ப்பு அத்துடன் என் கணக்கில் விழுந்துவிட்டது.

ஆனாலும் அந்த ஞாயிறு வீண்போகவில்லை. குளிர்சாதனத்தை நிறுத்தி, கதவைப் பூட்டி, மாத இறுதி இரவுகளில் அறை எப்படி இருக்குமோ அப்படி வைத்து மறுபடியும் எட்டுத் தொழிலாளிகளை ஏவினேன். பதினைந்தாவது நிமிடத்தில் புராசசர் 97 பாகையைத் தொட்டது. கர்னல் ஒவ்வொரு கோருக்கும் எழுதி வைக்கும் வெப்பத் தடுப்பு எண்ணிக்கை ஏறத் தொடங்கியது, அதாவது சில்லு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டது. மூடியைத் திறந்தால், வெப்பத்தகட்டின் இடுக்குகளில் கம்பளிபோல் படிந்த தூசும், விசிறியின் கூட்டுக்குள் இரண்டு பல்லி முட்டை ஓடுகளும் இருந்தன. தூரிகையும் காற்றுப் பீச்சியும் கொண்டு சுத்தம் செய்து, வெப்பப் பசையை மாற்றியபின் அதே சோதனையில் 78 பாகைக்கு மேல் ஏறவில்லை. நாம் தேடிய கோளாறு இதுவன்று, ஆனால் இது தானாகத் தேடிக்கொண்டு வந்திருக்கும் அடுத்த கோளாறு. பிற்பகல் மூன்று மணிக்கு வழக்கம்போல் இடி முழங்கத் தொடங்கியதும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கிளம்பினேன். முழுச்சுமையில் இருக்கும் பெட்டியை மின்தடைக் காப்புக்கலத்தின் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 13, இரண்டாம் ஞாயிறு. இம்முறை நினைவகம். முதலில் என் கைப்பட ஒரு நிரல் எழுதி 10 ஜிபி கேட்டேன், கர்னல் மறுக்காமல் கொடுத்தது. டாப் திரையில் நிரல் கேட்டதைக் காட்டும் 'விர்ட்' என்ற நெடுவரிசை 10 ஜிபி ஏறியது, உண்மையில் பிடித்திருப்பதைக் காட்டும் 'ரெஸ்' அசையவில்லை, நாடியும் அசையவில்லை. அடடா, நினைவகமும் பிரச்சினை இல்லையோ என்று அரை நிமிடம் ஏமாந்தேன். லினக்ஸ் நினைவகம் கொடுப்பது கலியாண வீட்டுக்காரர் எல்லாருக்கும் இலை போடுவதாக ஒத்துக்கொள்வது போல. வந்து உட்காரும்வரை சோறு வேகாது. நிரல் 4 கேபி அளவுள்ள ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பைட்டாவது எழுதினால்தான் அதற்கு உண்மையான நினைவகம் ஒதுக்கப்படும். எழுதாத நினைவகச் சுமை சுமையே அன்று. எழுதுவதையும் ஒரே எழுத்தால் நிரப்பாமல் கலைந்த எண்களால் நிரப்புவது நல்லது. நினைவகம் போதாதபோது பக்கங்களை வட்டில் ஒதுக்கி வைக்கும் இடம் ஸ்வாப். அதைச் சுருக்கி வைக்கும் வசதி இயங்கும் பெட்டிகளில், ஒரே மாதிரியான பக்கங்கள் அநேகமாகச் செலவே இல்லாமல் மடிந்து ஓரமாகப் போய்விடும், சோதனை பொய்யாகிவிடும்.

பின்னர் ஸ்ட்ரெஸ்-என்ஜியின் நினைவகத் தொழிலாளி ஒருவரை மட்டும் ஏவினேன். ஒருவர் மட்டும் என்பதற்குக் காரணம், அளவுக் கணக்கில் எனக்குக் குழப்பம் இருக்கக் கூடாது என்பதே. அந்தத் தொழிலாளி இயல்பில் நினைவகத்தை எடுப்பதும் விடுவதுமாக இருப்பார். எடுத்ததை விடாமல் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி எழுதும்படி ஒரு தேர்வு உண்டு, அதையும் சேர்த்துக்கொண்டேன். இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஜிபி வீதம் ஏற்றினேன். 8 ஜிபி வரை நாடியில் மாற்றமில்லை. 10இல் கர்னல் கோப்புகளுக்காக வைத்திருந்த இடைச்சேமிப்பு கரையத் தொடங்கியது. வெற்று நினைவகம் குறைவாகக் காட்டுவதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் 'அவைலபிள்' என்ற நெடுவரிசையைப் பார்த்தால் இந்தக் கட்டத்தை நிதானமாகக் கடக்கலாம். 11இல் ஸ்வாப் நிரம்பத் தொடங்கியது, நாடி ஒரே அடியில் 3 நொடிக்குப் போனது. 12இல் 20 நொடி. எடைமேடையில் நின்று பார்த்தால் அதுதான் செப்டம்பர் 30ஆம் தேதி மாலை.

அப்போது லோட் சராசரியைப் பார்த்தேன், 13ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. புராசசரோ 15 விழுக்காடுதான் வேலை செய்தது. லினக்ஸின் லோட் சராசரி, புராசசருக்காகக் காத்திருப்பவர்களை மட்டும் எண்ணுவதில்லை. வட்டிலிருந்து ஏதேனும் வருவதற்காக, எழுப்பவே முடியாத தூக்கத்தில் கிடப்பவர்களையும் சேர்த்தே எண்ணுகிறது. 1993இல் ஒரு சிறு திருத்தம் செய்த மாற்றம் இது. அதற்கு முந்தைய யூனிக்ஸ் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் இன்னும் அந்த எண்ணைப் புராசசர் எண்ணாகவே படிக்கிறார்கள். நானும் செப்டம்பர் 30 அன்று அப்படித்தான் படித்தேன். பெட்டியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிலவரத்தை எழுதி வைக்கும் 'சார்' (sar) என்ற கருவியின் பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. இப்போது அதைப் புரட்டிப் பார்த்தால், அன்று மாலை ஆறு மணி வரியில் புராசசர் 20 விழுக்காட்டுக்குள், வட்டுக்காகக் காத்திருப்பு 60 விழுக்காட்டுக்கு மேல் என்று தெளிவாக எழுதியிருந்தது. பதில் அன்றே அங்கே இருந்திருக்கிறது, நான்தான் ஓர் எண்ணோடு நிறுத்திக்கொண்டேன்.

கர்னல் 4.20 முதல் இருக்கும் 'பிரஷர்' கோப்புகள் இதைவிட நேரடியாகப் பேசும். நினைவகத்துக்கான கோப்பில் 'சம்' (some) என்ற வரி, யாராவது ஒருவர் நினைவகத்துக்காகக் காத்திருந்த நேரம். 'ஃபுல்' (full) என்ற வரி, செய்ய வேலை இருந்தும் எல்லாருமே காத்திருந்த நேரம். 12 ஜிபி கட்டத்தில் 'ஃபுல்' வரியின் பத்து நொடிச் சராசரி 38 என்று காட்டியது. பத்து நொடியில் ஏறத்தாழ நான்கு நொடி அந்தப் பெட்டியில் ஒருவரும் ஒரு வேலையும் செய்யவில்லை என்று பொருள். இது முதலாளிக்கும் ஒரே வாக்கியத்தில் புரியும் எண். இதற்கு மேல் எனக்கு லோட் சராசரி தேவைப்படவில்லை.

ஸ்வாப் ஏன் இவ்வளவு மோசம் என்பதற்குக் காரணம் பெட்டிக்குள்ளேயே இருந்தது. நிறுவியவர்கள் தரவுத்தளத்தை எஸ்எஸ்டியில் வைத்துவிட்டு, இயங்குதளத்தையும் 2 ஜிபி ஸ்வாப்பையும் சுழலும் பழைய வட்டில் வைத்திருந்தார்கள். அந்த வட்டின் முனை அங்குமிங்கும் ஓடி ஒவ்வொரு 4 கேபி பக்கமாகப் பொறுக்கி வரவேண்டும்.

அடுத்து 14 ஜிபிக்கு ஏற்றினேன், ஸ்வாப் நிரம்பியது, கர்னல் ஒருவரைக் கொன்றாக வேண்டிய கட்டம் வந்தது. செத்தது ஸ்ட்ரெஸ்-என்ஜியின் தொழிலாளி. தரவுத்தளம் நிம்மதியாக உயிரோடு இருந்தது. நல்ல செய்திபோல் தோன்றினாலும் இதுவும் பொய். அந்தக் கருவி, நினைவகம் தீர்ந்தால் முதலில் என்னைக் கொல் என்று தன் தொழிலாளிகளின் தலையில் தானே உச்ச மதிப்பெண் எழுதி வைக்கிறது. செத்தவருக்குப் பதிலாக உடனே இன்னொருவரை எழுப்பியும் விடுகிறது. இரண்டையும் அணைக்கும் தேர்வுகள் உண்டு. உண்மையான மாத இறுதியில் யாரும் இப்படித் தாமாகத் தலையைக் கொடுப்பதில்லை. ஆகவே கருவியை ஓரம் வைத்துவிட்டு, உண்மைச் சுமை எந்த வடிவில் வருகிறது என்று அக்காவையே கேட்டேன்.

"மாசக் கணக்கு அறிக்கைப் பட்டனை அழுத்துவேன் தம்பி. வராது. திரும்ப அழுத்துவேன். அப்பவும் வராது. அந்தப் பக்கம் கணக்கரும் அவர் கணினியில அழுத்திப் பார்ப்பார்." மூன்று அழுத்தல், மூன்று அறிக்கைகள். ஒவ்வொன்றும் ஜனவரி முதலான எடைகளையெல்லாம் மொத்தமாக நினைவகத்துக்குள் இழுத்து, பிறகுதான் பக்கம் பக்கமாக எழுதத் தொடங்கும். ஓர் அறிக்கையைத் தனியாக ஓட்டி அளந்தபோது 3.5 ஜிபி எடுத்தது. மூன்றுக்குப் 10.5 ஜிபி. தரவுத்தளத்தின் பகிர்வு இடைச்சேமிப்பு 4 ஜிபி. மீதமுள்ள எல்லாவற்றுக்கும் ஒன்றரை ஜிபி. கூட்டிப் பார்த்தால் 16. இந்தக் கூட்டலைச் செய்ய எனக்கு இரண்டு ஞாயிறுகள் பிடித்தன.

மூன்று அறிக்கைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நானே அழுத்தினேன். நாடி இழுத்துக்கொண்டது, லோட் ஏறியது, ஆறாவது நிமிடத்தில் தரவுத்தளப் பதிவேட்டில் அந்த வரி வந்து விழுந்தது: சர்வர் புராசஸ் (ஓடும் நிரல்) ஒன்று 9ஆம் சைகையால், அதாவது கட்டாயக் கொலைக் கட்டளையால், கொல்லப்பட்டது. செப்டம்பர் 30ஆம் தேதிப் பதிவிலும் எழுத்து மாறாமல் அதே வரி இருந்தது. இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு கோளாறு மறுபடியும் கண்முன்னே நிகழும்போது வரும் மகிழ்ச்சியை, அதைச் சரிசெய்யும்போது கூட நான் அடைந்ததில்லை.

அறிக்கை 3.5 ஜிபி தின்றிருக்க, கர்னல் ஏன் தரவுத்தளத்தின் சேயை (ஒவ்வோர் இணைப்புக்கும் தரவுத்தளம் தனியாக ஈனும் புராசஸை) கொன்றது என்பதுதான் இந்த வேலையில் எனக்குப் புதிதாகக் கிடைத்த பாடம். பலியைத் தேர்ந்தெடுக்கும்போது கர்னல் ஒவ்வொரு புராசஸும் தொட்டு வைத்திருக்கும் நினைவகத்தை எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையில் பலருக்கும் பொதுவான பகிர்வு நினைவகமும் அடங்கும். அறிக்கைக்காக ஆண்டு முழுவதன் எடைகளையும் படித்த சேய், 4 ஜிபி பகிர்வு இடைச்சேமிப்பையும் கிட்டத்தட்ட முழுதாகத் தொட்டிருந்தது. அதன்மேல் வரிசைப்படுத்துவதற்கு எடுத்த நினைவகம் வேறு. ஆக அதன் பெயரில் 4.3 ஜிபி நின்றது. பொதுக் கிணற்றில் தண்ணீர் மொண்டவன் தலையில் கிணற்றையே எழுதி வைத்தது போல. ஒரு சேய் அப்படித் திடீரெனச் செத்தால், பகிர்வு நினைவகம் கெட்டிருக்கலாம் என்ற எச்சரிக்கையில் போஸ்ட்கிரெஸின் தாய்ப் புராசஸ் மற்றச் சேய்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டு, மீட்பு வேலையை முடித்தபின்தான் கதவைத் திறக்கும். எடைமேடையின் இணைப்பும் அந்தச் சேய்களில் ஒன்று.

அக்டோபர் 20, மூன்றாம் ஞாயிறு. தீர்வு புதிய புராசசர் அன்று என்பது உறுதியானது. நினைவகம் இன்னும் 16 ஜிபி வாங்கிப் போடலாமே என்று முதலாளி கேட்டார். போடலாம், நான்காவது முறை, ஐந்தாவது முறை அழுத்துவதற்கு அது இடம் கொடுக்கும். எனக்கு வேண்டியது, அறிக்கை எத்தனை தின்றாலும் எடைமேடையின் பங்கைத் தொட முடியாத வேலி. லினக்ஸில் அந்த வேலிக்குக் கன்ட்ரோல் குரூப், சுருக்கமாக சிகுரூப் என்று பெயர். 2006இல் கூகுள் பொறியாளர்கள் தொடங்கி, 2.6.24 கர்னலில் சேர்ந்தது அதன் முதல் வடிவம். இப்போது உபுண்டு 22.04இல் இயல்பாக இருப்பது இரண்டாம் வடிவம். அறிக்கையை ஓட்டும் ஸ்கிரிப்ட் தனியாக இருந்தது என் அதிர்ஷ்டம். அதை, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியாக 'அறிக்கை' என்ற தனிப் பிரிவுக்குள் ஓடும்படி மாற்றி, அந்தப் பிரிவின் உச்ச நினைவகத்தை 5 ஜிபி என்றும், புராசசர் எடையை இயல்பான 100க்குப் பதில் 50 என்றும் வைத்தேன்.

வேலியைச் சோதிக்க மறுபடியும் ஸ்ட்ரெஸ்-என்ஜி. இம்முறை அதே பிரிவுக்குள் அதை ஏவி, 8 ஜிபி கேட்கச் சொன்னேன். 5 ஜிபியில் நிற்கும் என்று எதிர்பார்த்தேன், நின்றது. ஆனால் நாடி மறுபடியும் 4 நொடிக்குப் போனது. உச்சத்தைத் தொட்டதும் பிரிவு தன் பக்கங்களை ஸ்வாப்புக்குத் தள்ளத் தொடங்கியிருந்தது. நினைவகத்துக்கு வேலி போட்டேனே தவிர, சுழலும் வட்டு இன்னும் பொதுவாகவே கிடந்தது. எடைமேடை மென்பொருளின் கோப்புகளும் அதே வட்டில்தான். அந்தப் பிரிவுக்கான ஸ்வாப் உச்சத்தைச் சுழியமாக்கினேன். அடுத்த முறை 5 ஜிபியைத் தாண்ட முயன்ற கணத்தில் சுமைத் தொழிலாளி செத்தார், பிரிவின் நிகழ்வுக் கோப்பில் கொலை எண்ணிக்கை 1 ஆனது, நாடி 45 மில்லிநொடியில் அசையாமல் அடித்தது. சாவு வேலிக்குள்ளேயே நடந்து முடிந்தது, பக்கத்து வீட்டுக்குத் தெரியவில்லை.

'மெமரி ஹை' என்ற மென்மையான வரம்பு ஒன்றும் உண்டு. அதைத் தொட்டால் கர்னல் கொல்லாது, மூச்சைப் பிடித்து மெதுவாக்கும். கேட்பதற்கு இரக்கமாக இருப்பதால் முதலில் அதைத்தான் 3 ஜிபியில் வைத்தேன். ஸ்வாப் இல்லாத பிரிவில் தள்ளிவிட எதுவும் இல்லாததால், அறிக்கை சாகவும் இல்லை, முடியவும் இல்லை. நாற்பது நிமிடம் ஊர்ந்தது. ஊர்ந்தால் அக்கா என்ன செய்வார்? மறுபடியும் அழுத்துவார். மெதுவாகச் சாவதைவிட, காரணத்தைச் சொல்லிவிட்டு உடனே சாகும் அறிக்கைதான் இந்த இடத்துக்கு ஏற்றது என்று அந்த வரம்பை எடுத்துவிட்டேன். வங்கியிலோ மருத்துவமனையிலோ வேறு முடிவு எடுக்க நேரலாம். குலை நிலையத்தில் மூன்றாவது அழுத்தலைத் தடுப்பதே பெரிது. அதற்காக ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே ஒரு பூட்டும் போட்டேன்: ஓர் அறிக்கை ஓடிக்கொண்டிருந்தால் அடுத்தது தொடங்காது, யார் எப்போது தொடங்கினார்கள் என்று திரையில் எழுதிவிட்டுத் திரும்பும்.

இரண்டு ஓட்டைகள் மீதமிருந்தன. வரிசைப்படுத்தும் வேலை அறிக்கைப் பிரிவுக்குள் நடப்பதில்லை. அது தரவுத்தளத்தின் சேய்க்குள் நடக்கிறது, என் வேலி அதைத் தொடாது. மென்பொருள் விற்றவர்கள் வரிசைப்படுத்தும் நினைவகத்தை 256 எம்பி என்று தாராளமாக வைத்திருந்தார்கள். ஒரே வினவலில் இரண்டு மூன்று வரிசைப்படுத்தல் இருந்தால் ஒவ்வொன்றும் அவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் விதி. அறிக்கை நுழையும் பயனருக்கு மட்டும் அதை 16 எம்பி ஆக்கினேன். மிச்சம் எஸ்எஸ்டியில் தற்காலிகக் கோப்பாக வழிந்தது, அறிக்கை பதினோரு நொடி கூடுதலாக எடுத்தது, எவருக்கும் குறையில்லை. இன்னொன்று, தரவுத்தளத்தின் நினைவகத்தைக் கர்னல் பிடுங்காதபடி காக்கும் 'மெமரி லோ' என்ற காப்பு. அதைத் தரவுத்தளச் சேவையின் மேல் வைத்துவிட்டு, பிரிவுக்கு வெளியே பொய்ச்சுமையை ஏற்றிப் பார்த்தால் காப்பு வேலை செய்யவே இல்லை. மரத்தில் மேலே உள்ள தாய்ப் பிரிவுகளுக்கும் அதே காப்பு எழுதப்படாவிட்டால் கீழே எழுதியது செல்லாது. மேலே உள்ள இரண்டு பிரிவுகளிலும் 5 ஜிபி என்று எழுதியபின் அதே சுமையில் நாடி 300 மில்லிநொடிக்குள் நின்றது. இதைச் சுமை ஏற்றிப் பார்க்காமல், அமைப்புக் கோப்பை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

ஸ்வாப்பை எஸ்எஸ்டிக்கு மாற்றியது பத்து நிமிட வேலை. அதை எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 29, செவ்வாய்க்கிழமை. தீபாவளிப் பட்டுவாடாவுக்கான கணக்கு. நான் அழைக்கப்படாமலேயே மூன்று மணிக்குப் போய், அக்காவின் மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் நாடியைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். வெளியே ஐந்து லோரிகள். நான்கு மணிக்கு அக்கா அறிக்கையை அழுத்தினார். நினைவகம் 3.7 ஜிபிக்கு ஏறியது. ஒரு மாதத்தின் எடைகள் கூடியிருந்தன அல்லவா. நான்கு நிமிடம் கழித்துக் கணக்கர் தம் கணினியிலிருந்து அழுத்தினார், அவர் திரையில் என் செய்தி வந்து நின்றது, அவர் எட்டிப் பார்த்து "அக்கா, நீங்க ஓட்டுறீங்களா?" என்று கேட்டார். நாடி அந்த நேரம் முழுவதும் 60 மில்லிநொடியைத் தாண்டவில்லை. லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ரசீது வாங்கிக்கொண்டு இறங்கின. மாதத்துக்கு 200 எம்பி கூடுகிறது என்றால் டிசம்பர் இறுதியில் 4.1 ஜிபி ஆகும், 5 ஜிபி வேலி தாங்கும், ஜனவரியில் ஆண்டுக்கணக்கு மறுபடியும் சிறிதாகத் தொடங்கும் என்று என் குறிப்பேட்டில் எழுதினேன்.

கிளம்பும்போது அக்கா கூப்பிட்டார். "தம்பி, அந்தச் செய்திய மலாயிலயும் போட்டுடுங்க. சனிக்கிழமை இங்க உக்கார்ற பையனுக்குத் தமிழ் தெரியாது." மடிக்கணினியை மறுபடியும் திறந்து, நின்றபடியே அதைச் சேர்த்துவிட்டுப் போனேன்.